அண்ணி பொறுக்கிப் போட்ட அரிசி

நெல்லின் மரபணுவை மாற்றி, அரிசிக்குள்ளேயே இரும்புச்சத்தைக் கூட்டப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. சேர்ந்த முதல் வாரம், அங்குள்ள விதிகளை, அண்ணனூரில் அண்ணன், அண்ணியோடு நான் இருக்கும் வீட்டில் வரிசையாக ஒப்பித்தேன். ஒன்று, சோதனை நெல்லில் ஒரு மணிகூட வெளியே போகக்கூடாது. இரண்டு, உமியைக்கூட அவித்துத்தான் அழிக்க வேண்டும். மூன்று, அனுமதி வரும்வரை யாரும் அதைச் சாப்பிடக் கூடாது. அண்ணி துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு வருடம் அவர் உண்டானார். ஐந்தாம் மாதம் ரத்தசோகை என்றார்கள். இரும்பு மாத்திரை போட்டால் வாந்தி. அடுத்த பரிசோதனைக்குள் தேறாவிட்டால் ஊசியில்தான் ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டார். என்னென்ன சாப்பிடலாம் என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். முதல் வரி, சத்து சேர்த்த ரேஷன் அரிசி.

ஒரு ஞாயிறு காலை, அண்ணி அந்த அரிசியைத் தட்டில் பரப்பி எதையோ பொறுக்கி டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மற்றவற்றைவிடச் சற்று மஞ்சளான மணிகள். தெருவில் பலரும் சொல்வதுபோல் பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக்குனு நெனைக்க நான் இன்னா லூசா? இது உங்க லேப்பு அரிசி. துன்னக் கூடாதுன்னு நீதான சொன்னே. எப்படியோ வெளிய வந்துகீது. உன் வேலைக்கு எதுனா ஆயிடுமோன்னு நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல."

இரண்டு வாரமாக இப்படிப் பொறுக்குகிறாராம். இது அரிசி மாவில் இரும்பையும் வைட்டமினையும் பிசைந்து, அரிசி வடிவில் அழுத்தி எடுத்தது. நூறு மணிக்கு ஒன்று கலப்பார்கள். எங்கள் நெல் இன்னும் ஆய்வுக்கூட வாசலைத் தாண்டவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அண்ணியின் கை வயிற்றுக்குப் போனது. "அப்ப புள்ளைக்குப் போவ வேண்டியதத்தான் தூக்கிப் போட்டுகினு இருந்தேனா?"

தப்பு என்னுடையது என்றேன். இரண்டு அரிசியையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

டம்ளரைத் தட்டில் கவிழ்த்தார். நான் ஒரே ஒரு முறை, மிதக்கும் சத்து மணி எதுவும் தண்ணீரோடு போய்விடாமல் கழுவினேன். அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அடுத்த பரிசோதனையில் ரத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. அரிசியாலா, வாந்தி வருகிறதென்று இடையில் மாற்றிக் கொடுத்த மாத்திரையாலா, சொல்லத் தெரியவில்லை. ஊசி வேண்டாம் என்றார்கள். வீடு திரும்பும் ஷேர் ஆட்டோவில் அண்ணி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நிறுத்தம் வந்த பிறகும் எழுப்ப மனம் வரவில்லை.