இரண்டு பேருக்கு ஒரு போத்தல்

என் கணவரின் தம்பி மனைவியும் நானும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் பிள்ளைத்தாச்சிகளாக இருந்தோம். அவளுக்கு அது தலைப்பிள்ளை, எனக்கு மூன்றாவது. எங்கள் கணவன்மாரின் தாயான மாமிக்கு அவள் ‘குஞ்சு’. நான் வெறும் ‘பிள்ளை’. எட்டாம் மாதத்தில் அவள் முகமும் காலும் பொதுபொதுவென்று வீங்கின. மாமியோ, “என்ரை குஞ்சின்ரை செழிப்பைப் பாருங்கோ! பொடியன்தான்” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். என்னைப் பார்த்தவர்கள் மெலிந்துவிட்டாய் என்றதோடு சரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மிஷன் ஆஸ்பத்திரித் தாதி, மிஸி, இருவரிடமும் காலைச் சிறுநீரைப் போத்தலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஊர் பார்க்க அந்தப் போத்தலோடு போவது மாமிக்கு மானக்கேடு. அதனால் ஒன்றுதான் வண்டிலேறியது. யாருடையது என்று கேட்க வேண்டுமா? மானக்கேடு என்றால் அந்த வீட்டில் அது என் பங்கு. மாமியோடும் குஞ்சோடும் அதைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு போனேன்.

“மற்றப் போத்தல் எங்கை?” என்றார் மிஸி.

“ரெண்டு பேரும் ஒரு பானைச் சோறுதானே தின்னினம், மிஸி. ஒண்டு காணாதோ?” என்றார் மாமி.

மிஸி சிரிக்கவில்லை. குஞ்சின் கணுக்காலை விரலால் அமுக்கினார். குழி அப்படியே நின்றது. உடனே அவளிடமும் சிறுநீர் வாங்கி, இரண்டையும் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி விளக்கில் காய்ச்சினார். என்னுடையது தெளிவாக இருந்தது. அவளுடையது முட்டை வெள்ளைக்கருப் போலத் திரண்டது.

“இவவை இண்டைக்கு வீட்டை விடேலாது. வலிப்பு வந்தால் தாயுமில்லை, பிள்ளையுமில்லை.”

மாமி தலையில் அடித்து அழுதார். எனக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் கண்டதில்லை. வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் அவளைக் கிடத்தினார்கள். மாமி பக்கத்தில் குந்திக் காலைத் தடவினார். நான் மிஸியிடம் போனேன்.

“என்ரையை இன்னொருக்கால் காய்ச்சிப் பாருங்கோ.”

மிஸி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காய்ச்சினார். கிணற்றுத் தண்ணீர் போல நின்றது.

“உமக்கு ஒண்டுமில்லை. சந்தோஷமாய் வீட்டை போம்.”

தனியாக வண்டிலேறினேன்.

அவள் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. பொடியனேதான். அந்தக் கிழமையே எனக்கும் வீட்டில் பெண் பிறந்தது. மாமி ஆஸ்பத்திரியை விட்டு அசையவில்லை. விடிந்ததும் அங்கிருந்து ஒரு ஆள் வந்தது. என் பிள்ளையைப் பார்க்கத்தான் என்று நினைத்து அவளைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

குஞ்சுக்கு உப்பில்லாக் கஞ்சி வேண்டுமாம்.