ஏசுஅடிமை திறந்த ஸ்பீக்கர்

'மேற்படி ஏசுஅடிமை சாந்த குணமுள்ளவர், வம்புதும்புக்குப் போகாதவர் என விசாரணையில் தெரியவருகிறது.' வளைகுடா வேலைக்காக அவர் முன்பு வாங்கிய காவல்துறைச் சான்று இப்படித்தான் சொல்கிறது. யாரை விசாரித்தார்கள் என்று சொல்லவில்லை. சபைக் கமிட்டியில் அவரோடு தர்க்கம் செய்தவருக்கு இன்றும் முன்பற்கள் கிடையாது. கடையில் அவருடைய மீட்டரைக் கேட்காமல் எடுத்தவர் ஒரு மூக்குத் துவாரத்தால்தான் மூச்சு விடுகிறார்.

அதே கைதான் மார்த்தாண்டத்தில் விலை கூடிய ஸ்பீக்கர்களின் கம்ப்ரெஷன் டிரைவரை, அதாவது ஹாரனின் தொண்டையில் உட்கார்ந்து மேல்ஸ்தாயி பாடும் பாகத்தை, பிரித்து மாட்டுகிறது. உள்ளே காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருளோடு ஒட்டியிருக்கும் தகடு விரல் பட்டாலே நெளியும். அவர் விரல் பட்டு இதுவரை மனிதர்கள்தான் நெளிந்திருக்கிறார்கள்.

குவைத்திலிருந்து திரும்பிய சகாயத்தின் புது வீட்டுக்குள் ஸ்பீக்கர் பார்க்க அவர் நுழைந்தபோது, சகாயத்தின் மச்சினன் ஷிஜின் தரையில் கிடந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். சபையில் கீபோர்டு வாசிக்கிறவன். சகாயத்தின் கையில், மாடிப்படிக் கைப்பிடிக்கு வாங்கி மிச்சம் வந்த இரும்புக் குழாய்.

"நான் இல்லாத நேரம் பாத்து இந்த நாயி முழுச் சத்தத்தில போட்டு உள்ள காயிலக் கரிச்சுப்போட்டான். ஓய், திறந்து பாத்துச் சொல்லும். கரிஞ்சிருந்தா இவன் பத்து விரலையும் சதைப்பேன். பொறவு கீபோர்ட மூக்கால வாசிக்கட்டும்."

"லேய், போட்டியா?" ஏசுஅடிமை ஷிஜினிடம் கேட்டார்.

"போட்டேன் அண்ணே. பாதிச் சத்தந்தான்."

"வாய மூடிட்டு நில்லும் சகாயம். எனக்குக் காது வேணும்."

மீட்டரில் காயில் சரியாகக் காட்டியது. மெல்லிய ஒலியைக் கொடுத்து அதன் சுருதியைக் கீழிருந்து மேலே ஏற்றினார். ஓரிடத்தில் தீப்பெட்டிக்குள் வண்டு பிராண்டுவதுபோல ஒரு கரகரப்பு. மூடியைக் கழற்றினார். திருகுகளின் தலையை யாரோ ஏற்கெனவே கடித்துக் குதறியிருந்தார்கள். பித்தளைத் திருப்புளியை எடுத்தார். இரும்பு என்றால் காந்தம் பிடுங்கித் தகட்டில் குத்திவிடும். தகட்டைத் தூக்கித் துணியில் வைத்து, வழக்கம்போலக் கிண்ணத்தால் மூடினார். காயில் புதுச் செம்பாக மின்னியது. ஆனால் அது அசைகிற வட்ட இடுக்கில், காந்தத்தைப் பிடித்துக்கொண்டு, கருப்பாகத் தாடி முளைத்திருந்தது.

"கரியல்ல, இரும்புப்பொடி. ஆரோ நேரத்தே திறந்திருக்கு. திறந்து வச்சிருந்த நேரம் பக்கத்தில இரும்பு அறுத்திருக்கு."

சொல்லிவிட்டு அவர் குழாயைப் பார்த்தார். அடுக்களை வாசலில் நின்ற சகாயத்தின் மனைவி ஜினியும் அதையே பார்த்தாள்.

"வீட்டுப் பிரதிஷ்டை அன்னைக்கு ஜெபம் முடிஞ்ச உடனே நீங்கதான கூட்டுகாரங்களுக்குக் கழத்திக் காட்டினிய, டைட்டானியமாக்கும்னு. படியில அப்பமும் கைப்பிடி வேலை தீராம அறுத்துக்கிட்டிருந்தினும்."

"ஏட்டி, உன்ன ஆரு கேட்டா?"

குழாய் அவள் தோளில் விழுந்தது. சுவரில் மோதிச் சரிந்தாள். எழப்போன ஷிஜினின் மணிக்கட்டை சகாயம் செருப்புக்காலால் மிதித்து, விரல்களுக்கு நேராகக் குழாயை ஓங்கினான்.

"கரியலேன்னா மட்டும் விட்டிருவேனா?"

தன் கண்டுபிடிப்பை மறுக்கிறவர்களிடம் ஏசுஅடிமை பொறுமையாக விளக்குவதுண்டு. சகாயமோ அதை மறுக்கவில்லை, ஒப்புக்கொண்டுதான் ஓங்கினான். அதற்கு விளக்கம் கிடையாது. குழாய் இறங்குவதற்குள் காய்ந்த முருங்கைக்கொம்பு ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகு சகாயத்தின் அலறல்.

"மெல்ல அழும். இன்னும் டெஸ்ட் பண்ணணும்."

அன்று ஏசுஅடிமை செய்தது இதுதான்: சகாயத்தின் வலது மணிக்கட்டை முறித்தார், ஜினியையும் ஷிஜினையும் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், திரும்பி வந்து, ஒட்டும் டேப்பை இடுக்கில் விட்டு இரும்புப்பொடியை ஒற்றி எடுத்து, தகட்டைப் பொருத்தி, ஸ்பீக்கரைப் பாடவைத்துவிட்டுப் போனார்.