நாற்பத்திரண்டு அட்டைகளும் ஒரே பிழையும்

அக்டோபர், இரண்டாம் கிழமை.

திங்கள், பி.ப. 3.00: அடுத்த எதிரணியின் நான்கு ஆட்டங்களுடைய ஒளிப்பதிவுகள் கிடைத்தன.

செவ்வாய், மு.ப. 9.00: நாற்பத்திரண்டு பயிற்சி அட்டைகளை வரைந்து ஒப்படைத்தேன்.

புதன், வியாழன்: பயிற்சி. எங்கள் தற்காப்பு அணி எவரையும் கடந்துபோக விடவில்லை.

சனி, பி.ப. 1.06: எதிரணி தன் முதல் ஓட்டத்திலேயே எல்லைக்கோட்டைக் கடந்தது. எங்கள் பன்னிரண்டு பேரில் பதினொருவர் அப்போது மைதானத்தின் மற்றக் கரையில் நின்றனர். பன்னிரண்டாமவர் வழுக்கி விழுந்திருந்தார். ஆகவே சரியான இடத்துக்கு அவரே மிக அண்மையில் இருந்தார்.

1. வேலை கிடைத்த விதம்

முப்பத்தொரு ஆண்டுகள் கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தேன். வரைந்ததை வீட்டு மேசையில் விரிப்பேன். எதிர்க் கதிரையில் இருக்கும் என் மனைவி அதைத் தலைகீழாகவே பார்ப்பாள். "இஞ்சை இருந்து பாத்தா உங்கட வடக்கு பிழையான பக்கம் நிக்குதப்பா" என்பாள். பெரும்பாலும் நின்றிருக்கும்.

ஏப்ரலில் அவள் இறந்தாள். செத்தவீட்டுக்கு வந்த நண்பரின் மகன் றெஜி, ஒரு பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தற்காப்புப் பயிற்சியாளர். கால்பந்து என்பது இங்கே பந்தை அணைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு.

"அங்கிள், வீட்டில சும்மா இருக்காதேங்கோ. எங்களுக்குக் கோடு கீற ஒரு ஆள் வேணும்."

"எனக்கு இந்த விளையாட்டு விளங்காதே, றெஜி."

"எங்கட பொடியளுக்கும் விளங்காது. அதுக்குத்தான் கார்ட்."

ஒவ்வொரு எதிரணிக்கும் ஒரு பாணி உண்டு. ஒன்று எறிந்தே ஆடும். அதற்கு எங்கள் ஆட்கள் பின்னோக்கி ஓடப் பழகவேண்டும். இன்னொன்று பந்தோடு முட்டிக்கொண்டு ஓடும், அதற்கு முன்னோக்கி. எதிரணியின் நகர்வுகளை அட்டையில் வரைந்து கொடுத்தால், எங்கள் மாற்று ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்து எதிரணியாக நடிப்பார்கள். அதுவே பயிற்சி.

2. பிழை

அந்தக் கிழமை வந்தது ஓடும் அணி. பந்தைக் கையாள்பவர் இடக்கைக்காரர். தன் இடப்பக்கமே ஓடுவார். அந்த ஆட்டத்தில் தோற்றால் அடுத்த பருவம் றெஜிக்கு வேலையில்லை என்று நிர்வாகம் சொல்லியிருந்தது.

ஒளிப்பதிவில் எதிரணி என்னை நோக்கி வந்தது. அட்டையில் அது என்னிடமிருந்து விலகிப் போகவேண்டும். மேல் கீழை மாற்றினேன். இடம் வலத்தை மாற்றவில்லை.

தற்காப்பு அணித் தலைவர் பிரவீனுக்குச் சந்தேகம் வந்தது. "கோச், ஃபில்ம்ல அவன் லெஃப்ட் எல்லோ போறான்?"

"கார்ட்டைப் பார். அங்கிள் கீறினது. முப்பது வருசமா ஊர்க்காணியெல்லாம் அளந்தவர்" என்றார் றெஜி.

3. சனிக்கிழமை

கீழே மைதானக் கரையில் நின்ற றெஜியோடு பேச, நான் மேல்மாடிக் கண்ணாடி அறையில் ஹெட்செற்றோடு இருந்தேன்.

"றெஜி, பிழை என்னுடையது. இடம் வலம் மாறிவிட்டது."

"எத்தினை கார்ட்டில?"

"எல்லாவற்றிலும். ஒரு சீரான பிழை."

"சீரான பிழை நல்லது அங்கிள். லெஃப்ட்டில நிக்கிறவன் ரைட்டுக்கு, ரைட்டில நிக்கிறவன் லெஃப்ட்டுக்கு. நடுவில நிக்கிறவன் கும்பிடட்டும்."

அதையே அவர் ஆட்டக்காரரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். பிரவீனின் குரல் கேட்டது: "கோச், அப்ப நான் இப்ப ஆரின்ர இடத்தில நிக்கிறது?"

"உன்னைக் கண்ணாடியில பார். அங்கை நிக்கிறவன்ர இடத்தில."

எதிரணியும் எங்களுக்கென அட்டை வரைந்திருந்தது. அதிலிருந்த இடங்களில் எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. தடுக்கவேண்டியவரைத் தேடி அவர்களின் பருத்த வீரர்கள் சந்தையில் பிள்ளையைத் தொலைத்தவர்கள்போல் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். கடைசி நிமிடத்தில் பிரவீன் அந்த இடக்கைக்காரரை மறித்து விழுத்தினார். ஒரு புள்ளியால் வென்றோம்.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும்படி தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, றெஜியிடம் நீட்டினேன்.

"உந்தக் கடிதத்தை வீட்டில வையுங்கோ அங்கிள். அவை நாங்கள் இடம் மாறி நிண்டதை ஸ்ட்ராட்டஜி எண்டு நினைச்சு எனக்கு இன்னும் ரெண்டு வருசம் தந்திருக்கினம்."

இத்தொழிலுக்கு வருவோர் அறியவேண்டியது ஒன்றே. வரைந்து முடித்ததும் எழுந்து, மேசையைச் சுற்றிப்போய், மறுபக்கத்தில் அமர்ந்து பார்க்கவேண்டும். நான்கு அடி தூரம். நான் போகவில்லை.

செய்யாமல் நிற்பவை:

1. அடுத்த எதிரணி எறிந்து ஆடும் அணி. முப்பத்தெட்டு அட்டைகள் வரையவேண்டும்.

2. கடிதத்தைக் கிழிப்பதா, வைத்திருப்பதா என்று முடிவுசெய்யவேண்டும்.

3. எதிர்க் கதிரையில் ஏப்ரலிலிருந்து அடுக்கிவைத்திருக்கும் பெட்டிகளை இறக்கவேண்டும். முதலாவதற்கு முன் இதைச் செய்யவேண்டும்.