அளவு தப்பிய நாலு சட்டை

பண்டத்தரிப்புச் சந்தியைத் தாண்டி அளவெட்டிப் பக்கமாக அரை மைல் நடந்த பிறகுதான் என் கையில் கத்தரிக்கோல் இருப்பதைக் கவனித்தேன். அது என்னுடையதுதான். ஆனால் அதைத் தோள்பையில் வைப்பதற்குக்கூட நில்லாமல் தையற்கடையின் பின்கதவால் வெளியேறியிருந்தேன். எதிரே வந்த மீன் வியாபாரி மோட்டார் சைக்கிளை நன்றாக விலத்தி ஓட்டிப் போனார்.

நடந்தது இதுதான். கடையில் மறைப்புச் சீலைக்குப் பின்னால் ஒரு பெண் நான் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘டர்’ என்று தையல் விடும் சத்தம் கேட்டது. அதே அளவில் இன்னும் மூன்று சட்டைகள் மேசையில் மடித்துக் கிடந்தன. சீலை விலகுவதற்கு முன் நான் கடையின் பின்பக்க ஒழுங்கைக்கு வந்துவிட்டேன்.

அந்தக் கடையில் ஐந்து மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆனது. பிறகு நாங்களே வேறொரு முகாமுக்குப் போனோம். படிப்பு அத்தோடு சரி. முதன்முதலில் நான் தைத்தது முகாம் கூடாரத் தறப்பாள், சாக்கு ஊசியால். பிறகு கொழும்புப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மூன்று வருடம் கொலர் மட்டும் தைத்தேன். அவை எந்தச் சேட்டில் போய் ஏறின என்று தெரியாது. அதன்பின் வவுனியா, மன்னார், மயிலிட்டியில் மீன்பிடி வள்ளம், திரும்பவும் தையல். ஓரிடத்துச் சோறு பழகிவிட்டால் எனக்குக் கால் நிற்காது.

அந்தப் பெண் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். இரண்டு கிழமைக்கு முன் தன் தாயின் பழைய கவுண் சட்டை ஒன்றையும் நாலு துணிகளையும் கொண்டுவந்தார். தாய் மிசன் பள்ளிக்கூடத்தில் தையல் படித்துத் தன் கையால் தைத்த சட்டை அது. வட்டக் கொலர், இடுப்புக்கு அதே துணியில் பட்டி, முன்பக்கம் பூட்டுவதற்குத் துணி சுற்றிய தெறிகள், முழங்காலுக்குக் கீழே இறங்கும் அகலமான மடிப்புகள், பக்கத் தையலுக்குள் ஒளிந்த இரண்டு பொக்கற்.

“நாடகத்துக்கோ அக்கா?” என்று கடைக்கார அண்ணை கேட்டார்.

“நாடகமுமில்லை, ஒண்டுமில்லை. கிழமை நாளிலை உடுக்க. பஞ்சாபிச் சால் சைக்கிள் சில்லுக்கை போய் நான் விழுந்து முழங்கால் உடைஞ்சது காணும். அம்மா உப்பிடிச் சட்டையோடை ஊரெல்லாம் சைக்கிள் ஓடினவ. ஒரு நாளும் விழேல்லை.”

இரண்டு கிழமை கழித்து வரும் திங்கட்கிழமை அவருக்கு வேறு கந்தோருக்கு மாற்றம். பழைய இடத்தில் திடீரென்று உடுப்பை மாற்றினால் கதைப்பார்கள். புது இடத்தில் முதல் நாளே போட்டுக்கொண்டு போனால் இவர் இப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். அதனால் திங்களுக்கு முன் வேண்டும் என்றார். போகும்போது தாயின் சட்டையைத் தட்டிக் காட்டி, “எல்லாம் உதுக்குள்ளை கிடக்கு அண்ணை” என்று என்னிடம் சொன்னார்.

எங்கள் கடைகளில் ஆண்கள் பெண்களுக்கு நாடா பிடிப்பதில்லை. வீட்டிலிருந்து அளவுச் சட்டை வரும், அதைப் பார்த்து வெட்டுவோம். பழைய சட்டையைத் தந்து எல்லாம் அதற்குள் கிடக்கிறது என்றால், அளவும் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். கொலரிலிருந்து விளிம்பு வரை அப்படியே வெட்டினேன். பொக்கற்றைத் தடவியபோது உள்ளே ஏதோ சரசரத்தது. அந்தக் காலத்தில் விறைப்புக்கு வைத்தது என்று நினைத்து நானும் கன்வஸ் துண்டு வைத்துத் தைத்தேன். நாலு சட்டைக்கும், எட்டுப் பொக்கற்றுக்கும்.

பின்னால் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. திரும்பினால் அவர்தான். பஞ்சாபி உடுத்து, சால் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. முன்கூடைக்குள் ஐந்து சட்டைகளும் திணித்துக் கிடந்தன.

“அண்ணை! கத்தரிக்கோலைத் தூக்கிக்கொண்டு எங்கை ஓடுறியள்?”

“ஓடேல்லை அக்கா, நடக்கிறன்.”

“உது நடையோ? எனக்கெல்லோ மூச்சு வாங்குது. அக்கா எண்டும் கூப்பிடாதையுங்கோ. உங்கடை தலை என்னிலும் நரைச்சுக் கிடக்கு.”

“அளவு பிழைச்சுப் போச்சு,” என்றேன்.

“பிழைக்கேல்லை. அம்மாவுக்கு அளவாய்த்தான் இருக்கும். அதைத் தைக்கேக்கை அவ ஈர்க்குக் குச்சி. என்னைப் பாத்தால் ஈர்க்குக் குச்சி மாதிரியோ கிடக்கு?”

“நான் ஆளைப் பாக்கிறேல்லை. சட்டையைத்தான் பாக்கிறது.”

“நல்ல பழக்கம். அப்ப நான் எழுதித் தந்த அளவு?”

“எங்கை தந்தனீங்கள்?”

அவர் தாயின் சட்டையை இழுத்தெடுத்து, பொக்கற்றுக்குள் கையை விட்டு, நாலாக மடித்த கடதாசி ஒன்றை வெளியே எடுத்தார். மார்பு, இடுப்பு, தோள், கை, உயரம், எல்லாம் அங்குலத்தில், வடிவான எழுத்தில்.

“கடை முழுக்க ஆம்பிளையள் நிக்கேக்கை என்ரை இடுப்பைச் சத்தமாய்ச் சொல்லச் சொல்லுறியளோ? அதுதானே உதுக்குள்ளை கிடக்கெண்டனான்.”

பிறகு புதுச் சட்டையொன்றின் பொக்கற்றைத் தடவினார். “உதென்ன விறைப்பாய்?”

“கன்வஸ்.”

“ஏன்?”

சொன்னேன். அவர் சைக்கிளை ஒரு மதிலோடு சாய்த்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“இண்டைக்கு வியாழன். திங்கக்கிழமைக்கு உடுக்க எனக்கு ஒண்டும் இல்லை.”

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்திருக்கலாம். நான் முன்பு விட்டுவந்த கடைகளில் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் சட்டைகள் கண்முன்னே கிடந்தன. வழியோர மதகுக் கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உட்புறம் திருப்பிப் பார்த்தேன். தாயின் சட்டையில் தையலுக்கு உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டிருந்தது. நான் தொழிற்சாலைப் பழக்கத்தில் கால் அங்குலத்தோடு வெட்டி எறிந்திருந்தேன். அகட்டுவதற்கு இடமே இல்லை. நாலில் இரண்டு பூப்போட்டது, ஒன்று கோடு, ஒன்று வெறும் நீலம்.

“நீலத்தை வெட்டினால் மற்ற மூண்டும் தப்பும். அக்குளிலையிருந்து கீழ்விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் நீலம் பிடிக்கலாம். கொலரையும் இடுப்புப் பட்டியையும் நீலமாக்கினால் வேணுமெண்டு தைச்ச மாதிரி இருக்கும்.”

“நீலந்தான் எனக்கு விருப்பம்.”

“எனக்கும். அதுதான் நல்லாய் வந்தது.”

அவர் நீலச் சட்டையை மடியில் வைத்துத் தெறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். “சரி, வெட்டுங்கோ. ஆனா கடையிலை ஏலாது. கடைக்காரர் உங்களைக் கண்டால் பின்கதவுப் பூட்டின்ரை திறப்பை வாங்கிக்கொண்டு வரச் சொன்னவர். வேறை ஒண்டும் சொல்லேல்லை.”

திறப்பு என் சேட்டுப் பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“அம்மான்ரை மெசின் வீட்டிலை கிடக்கு. நல்லாய் ஓடும்.” எந்த ஒழுங்கை, எந்த மதில் என்று வீட்டுக்கு வழி சொன்னார்.

“நான் மயிலிட்டிக்குப் போவமெண்டு…”

“திங்கக்கிழமை போங்கோ. கடல் அங்கைதான் கிடக்கும்.”

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வாறன்” என்றேன்.

அவர் சைக்கிளைத் திருப்பியவர் நின்றார். “எந்த வாறன்? போறதுக்குச் சொல்லுற வாறனோ, வாறதுக்குச் சொல்லுற வாறனோ?”

அது எனக்கே தெரியாது. அளவெட்டி வரை நடந்தேன். ஒரு தேத்தண்ணி குடித்தேன். பஸ் வந்தது, கையைக் காட்டவில்லை. அடுத்ததும் வந்தது. தெரிந்த ஒருவரின் வெங்காயக் கொட்டிலில் படுத்தேன். மூன்று சட்டைக்கும் எத்தனை முழம் நீலம் வேண்டும் என்ற கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. சட்டைக் கைக்குரிய கணக்கு மட்டும் சரிவரவில்லை.

விடிந்ததும் வந்த வழியே நடந்தேன். அவர் மெசினை விறாந்தையில், தெருவுக்குத் தெரியும்படி இழுத்து வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு கதிரை, எண்ணெய்ப் போத்தல், தேத்தண்ணி. என்னைக் கண்டதும் சட்டைகளையும் அளவுக் கடதாசியையும் மெசின் மேல் வைத்தார். வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு பழைய கந்தோருக்குக் கடைசி நாள் வேலைக்குச் சைக்கிளில் போனார். தெருப் படலை திறந்தே கிடந்தது. நான் கடதாசியை மெசினில் ஒட்டி வைத்து, நீலச் சட்டையின் தோள் தையலிலிருந்து பிரிக்கத் தொடங்கினேன்.