சாக்கு மூட்டைகள் நடந்த நாள்

நாலாம் வகுப்பில் நான் தேறிய பரீட்சைகளிலேயே சுலபமானது கண் பரீட்சைதான். தஞ்சாவூரிலிருந்து வந்த இரண்டு அக்காக்கள் பள்ளிச் சுவரில் ஓர் அட்டையை மாட்டி, எங்களை வரிசையாக நிறுத்தி, எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள். முன்னால் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு, என் முறை வருவதற்குள் அட்டை முழுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பித்தேன். அடுத்த கண்ணுக்கும் நிற்காமல் ஒப்பித்தேன். “சூப்பர்” என்றார் அந்த அக்கா.

அதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் பாடங்களையும் நான் காதால்தான் படித்தேன். வாய்ப்பாடு, செய்யுள் எதுவானாலும் முதலில் ஒப்பிப்பவள் நான்தான். போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவதுதான் உலக வழக்கம் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் யாரும் படித்ததில்லை. அம்மா மட்டும் இரண்டாம் வகுப்பு வரை போய், மண்டையில் ஏறவில்லை என்று நிறுத்தப்பட்டவள். களை பறிக்கப் போன இடத்தில் எல்லாம் “எம் பொண்ணு கண்ணுலகூட ஃபர்ஸ்ட்டு” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் அரையாண்டுத் தேர்வில் கணக்குகளை போர்டில் எழுதிப் போட்டார்கள். நோட்டைக் காட்ட அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த டீச்சர், கவனம் போதவில்லை என்று அம்மாவை அழைத்துச் சொன்னார்.

“எனக்குத்தான் ஏறல, ஒனக்குமா? அடுத்த வருஷம் எங்கூட நடவுக்கு வந்துடுறியா?” என்று அம்மா கேட்டாள். அது மிரட்டல் இல்லை. உண்மையாகவே பயந்துபோய்க் கேட்டாள்.

அறுவடை முடிந்து, திருக்காட்டுப்பள்ளி சாலையில் நெல்லைக் காயப்போட்டிருந்தோம். மாமா என் கையில் ஒரு குச்சியைக் கொடுத்துக் காவலுக்கு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தவர் தூரத்திலிருந்தே கத்தினார்.

“ஏய்! அந்தக் கோடியில ஆடு மேயுது, வேடிக்கையா பாத்துக்கிட்டு நிக்கிறே?”

“ஆடா? அது சாக்கு மூட்டை மாமா.”

“மூட்டை வாலை ஆட்டுமாடீ?” துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடி ஆடுகளை விரட்டினார். திரும்பி வந்து, நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம், “அக்கா, ஒம் பொண்ண கலெக்டருக்குப் படிக்க வை. ஆட்டையெல்லாம் தைச்சு லாரியில ஏத்திடுவா” என்றார். சாலையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. என் அருகில் வந்து, “ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது அது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“வெள்ளையா, மசமசன்னு.”

மறுநாள் அம்மா வேலைக்குப் போகவில்லை. என்னை இழுத்துக்கொண்டு டீச்சர் முன்னால் நின்றாள். “அந்தக் கண்ணுப் பரீட்சைய இன்னொரு தடவை வையுங்க டீச்சர்.”

“அதுலதான் பாஸாயிட்டாளேம்மா.”

“இவளுக்கு ஒரு தடவை கேட்டா மனப்பாடம் ஆயிடும். புதுசா ஏதாவது எழுதிக் கேளுங்க.”

டீச்சர் ஐந்தாறு எழுத்துகளை போர்டில் எழுதி, என்னைப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். யாரும் எனக்கு முன்னால் வாசிக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு எதுவும் ஒப்பிக்க வரவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கருநீல ஃபிரேம் போட்ட கண்ணாடி கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையை வைத்து உரக்கடைப் பலகை, கல்யாண பேனர் என்று ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். “பாப்பா, ஸ்டாப்பிங் பேர நான் சொல்லிக்கிறேன், விடு” என்றார் கண்டக்டர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் அம்மாவே என்னைப் பள்ளியில் விட வந்தாள். வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. முந்தைய நாள் பாடம் போர்டில் அழிக்காமல் இருந்தது. அம்மா கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “அதக் கொஞ்சம் குடு” என்றாள். காதோரம் இறுகிய கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உதடு அசைய, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

வாசலில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. “குடும்மா, பசங்க சிரிப்பாங்க” என்று முந்தானையை இழுத்தேன். கடைசி வரியை முடித்த பிறகுதான் கழற்றிக் கொடுத்தாள்.

“இவ்வளவு தெளிவாவா எழுதிப் போடுறாங்க?” என்றாள்.

எங்கள் டீச்சரின் கையெழுத்தைத்தான் புகழ்கிறாள் என்று நினைத்து, நான் பெருமையாகத் தலையாட்டினேன்.