சந்தியாகு எழுதிக்கொடுத்த நாமினிப் பத்திரம்

கோவை கணபதியில் பத்திர ஆபீசுக்கு எதிர்வரிசையில் சந்தியாகு முப்பத்தோரு வருஷம் பத்திரம் எழுதினார். கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் என்று அவர் கை படாத வகை கிடையாது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார், பிறரையும் போடவிடமாட்டார். கரண்ட் பில்லின் பின்பக்கத்தைப் படித்தவர் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான்.

இப்படிப்பட்டவர் ஸ்மார்ட்போன் வாங்கினால் என்ன ஆகும் என்பதை அக்பர் அலி அனுபவித்தார். பத்திர ஆபீசுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருப்பவர் அவர். புதுப் போனைத் திறந்ததும் ‘சம்மதிக்கிறேன்’ என்று ஒரு கட்டம் வந்தது. அதை அமுக்கப்போன அக்பர் அலியின் விரலைச் சந்தியாகு பிடித்துக்கொண்டார். சம்மதிப்பது யார், எதற்கு, சாட்சி எங்கே என்று கேட்டார். கடைசியில் விதிமுறைகளை அச்செடுத்தார்கள். அறுபத்தெட்டுப் பக்கம். இரண்டு நாள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சிவப்பு மையில் திருத்தினார். ‘நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்’ என்ற வரியை அடித்து, ‘இருதரப்புச் சம்மதத்தின் பேரில்’ என்று மேலே எழுதி, அடித்தது தானே என்பதற்கு அத்தாட்சியாக ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மறுதரப்பின் ஒப்பத்துக்காகப் பதிவுத் தபாலில் அனுப்பினார். மறுதரப்பு அமெரிக்காவில் இருந்தது. பதில் இல்லை.

அக்பர் அலிக்குப் பொறுமை போய்விட்டது. “ஏனுங்க சந்தியாகண்ணே, ஒலகமே ஒரு அமுக்கு அமுக்கிப்போட்டுப் போயிட்டிருக்குது. உங்களுக்கு மட்டும் என்னங்க?”

“அந்த ஒலகம் கோர்ட்டுக்குப் போறப்ப எங்கிட்டத்தானுங்க பாய் பழைய பத்திரத்தோட நகல் கேட்டு வருது.”

மூன்றாம் நாள் அக்பர் அலி ஒரு வழி கண்டார். சந்தியாகு தேநீர் வாங்கப் போன நேரத்தில் அவரே அமுக்கிவிட்டார். அதாவது அந்தப் போனின் சட்டபூர்வ சம்மததாரர் அக்பர் அலி. சந்தியாகு இதைக் கடைசிவரை ஒத்துக்கொண்டார். போன் தன்னுடையது, ஒப்பந்தம் பாயுடையது என்று சர்ச்சில் கேட்டவர்களுக்கும் விளக்கினார்.

அவருக்கு எல்லாவற்றிலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. சார்ஜர் இல்லாத போன் டப்பாவைப் பார்த்து, சாவி இல்லாமல் வீடு விற்கிறவனை ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். வெப்சைட்டில் குக்கீ கேட்கும் கட்டத்துக்கு எப்போதும் ‘மறுக்கிறேன்’ கொடுத்தார். மறுக்கும் பொத்தான் சின்னதாகவும் ஏற்கும் பொத்தான் பெரியதாகவும் இருப்பதை வற்புறுத்திக் கையெழுத்து வாங்கும் குற்றத்தில் சேர்த்தார். சர்ச் பங்கில் யார் மகனை கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்தாலும், சேர்க்கைக் கடிதத்தின் நிபந்தனைகளைப் படித்தீர்களா என்று மட்டும் கேட்டார். ஒருவரும் படித்திருக்கவில்லை. வாழ்த்துச் சொல்லாத மனிதர் என்று பெயர் வாங்கினார்.

அவர் மகள் ஜெனிதா சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். குரலில் டைரி பதியும் செயலி அவர்களுடையது. பேசினால் போதும், தேதி போட்டு அதுவே அடுக்கி வைத்துக்கொள்ளும். ஜெனிதா இருந்தது கணக்கு நீக்கும் பிரிவில். யாராவது செயலியை விட்டுப் போனால் அவர்கள் சுவடு இல்லாமல் துடைப்பது அவள் எழுதிய நிரல். இறந்தவர்களின் கணக்கைத் தொண்ணூறு நாள் வைத்திருந்தார்கள். அதை அறுபதாக்கினால் சேமிப்பகச் செலவு குறையும் என்று காட்டியவள் அவள். அதற்கு ஒரு காபிக் கோப்பையும், பெயர் பொறித்த கண்ணாடிக் கட்டை ஒன்றும் கொடுத்தார்கள்.

அந்தச் செயலியைச் சந்தியாகு தானாகவே இறக்கிக்கொண்டார். சம்மதக் கட்டம் வந்தது. படிக்கவில்லை. அமுக்கினார். பக்கத்தில் இருந்த மனைவி விமலாராணி, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். புள்ளை இருக்கிற கம்பெனி, அவளுமா ஏமாற்றுவாள் என்றாராம்.

ஜெனிதா காளப்பட்டியில் குடியிருந்தாள். கணபதிக்குப் பதினைந்து நிமிடம். ஞாயிறு மட்டும் வருவாள். ஒரு ஞாயிறு, குழம்பு ஊற்றுவதற்குள், அவர் அச்செடுத்த தாள்களை விரித்தார். தனிநபர் தரவுச் சட்டம் புதிதாக நிறைவேறியிருந்தது. பத்திரிகையில் வந்த செய்தியை நம்பாமல் சட்டத்தையே முழுதாக வாங்கிப் படித்திருந்தார். பதினான்காம் பிரிவில் பென்சில் கோடு. ஒருவர் இறந்தால் அவர் தரவுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே நியமிக்கலாம்.

“உங்க செயலியில நாமினி போடற எடம் எங்க அம்மணி?”

“வரும்ங்கப்பா. லிஸ்ட்ல இருக்குது.”

அது பொய்யில்லை. லிஸ்டில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாவதாக. ‘நாமினி வசதி வேண்டும்’ என்ற கோரிக்கைக்குக் ‘குறைந்த முன்னுரிமை’ கொடுத்து, காரணம் என்ற இடத்தில் ‘ஒரே ஒரு பயனர் மட்டும் கேட்கிறார்’ என்று எழுதியவள் ஜெனிதாதான். அந்த ஒரே பயனர் பதினான்கு முறை கேட்டிருந்தார். பதினான்கு முறையும் இருப்பிடம் கணபதி.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, சத்தி ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். மார்வலி. பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாளே விமலாராணி அறிவிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் எதையும் உரிய இடத்தில் அறிவிக்காமல் விட்டதில்லை. ரேஷன் கடை, கேஸ் ஏஜென்சி, பங்குப் பதிவேடு, பத்திர எழுத்தர் சங்கம். கடைசியாக அக்பர் அலியை வைத்து அந்தச் செயலியிலும் ‘பயனர் இறந்துவிட்டார்’ என்ற படிவத்தைத் தேடி நிரப்பினாள். இறப்புச் சான்றிதழையும் ஏற்றினாள். உடனே பதில் வந்தது. ஜெனிதாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

‘உங்கள் இழப்பில் நாங்களும் பங்குகொள்கிறோம். அன்னாரின் கணக்கு முடக்கப்பட்டது. அறுபது நாளில் பாதுகாப்பாக நீக்கப்படும். இனி நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.’

“நல்லா எழுதியிருக்காங்க கண்ணு. ஆரோ வெவரமானவிங்க.”

இரண்டு வருஷத்துக்கு முன், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில், ஜெனிதா பதினைந்து நிமிடத்தில் எழுதியது அது. ஆமாங்கம்மா என்றாள்.

அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தாள். பூட்டு இல்லை. செயலியைத் திறந்ததும் நுழைவுப் பக்கம்தான் வந்தது. முடக்கிய கணக்கு எல்லாப் போன்களிலிருந்தும் வெளியே தள்ளப்படும். அதுவும் அவள் நிரல். பிழையில்லாமல் ஓடியது. நாற்பத்தொரு பதிவுகள் என்று மட்டும் அவளுடைய ஆபீஸ் லேப்டாப்பில் தெரிந்தது. என்ன பேசினார் என்று தெரியாது. வேறு எங்கும் அவர் குரல் இல்லை. வாட்ஸப்பில் குரல் அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது, எழுத்தில்தான் அனுப்புவார், தேதி போட்டு.

தரவுத்தளத்தில் ஒரு வரி எழுதினால் எடுத்துவிடலாம். அந்த ஒரு வரிக்காக முன்பு வேலை போன இருவரை அவளுக்குத் தெரியும். ஒருவனைக் கண்டுபிடித்த நிரலும் அவளுடையது.

இருபதாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். சட்டப் பிரிவில் வர்ஷினி இருந்தாள், கோபிசெட்டிபாளையத்துப் பெண். ஜெனிதா ஒரு பயனரின் மகளாக அவள் முன்னால் உட்கார்ந்தாள். வர்ஷினி வருத்தமாகத்தான் பேசினாள். நாமினி பதிவு இருந்தால் கொடுக்கலாம். நாமினி பதியும் இடம் செயலியில் இல்லை. ஏன் இல்லை என்று பார்த்தால், ஒரே ஒரு பயனர்தான் கேட்டாராம். சட்டத்தைக் காட்டலாமென்றால், சட்டம் வந்துவிட்டது, அமலுக்கு வரவில்லை. குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். அந்த அலுவலர் வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் பெயர் மட்டும் வெப்சைட்டில் இன்னும் குறை தீர்த்துக்கொண்டிருந்தது. அரட்டை ரோபோவிடமும் ஜெனிதா கேட்டுப் பார்த்தாள். அது அவள் இழப்பில் பங்குகொண்டது.

ஐம்பதாம் நாள் ஞாயிறு. விமலாராணி அவர் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றில் தபால் ஒப்புகை அட்டைகள், தேதி வாரியாகக் கோத்திருந்தன. மேலாக இருந்த அட்டையை நீட்டினாள்.

“இது உங்க ஆபீசு விலாசந்தானே கண்ணு?”

பெறுநர், குறைதீர்ப்பு அலுவலர். பெற்றுக்கொண்டவர் கையொப்பம், யுவஸ்ரீ. வரவேற்பு மேசைப் பெண்.

திங்கள் காலை யுவஸ்ரீ இழுப்பறையைத் திறந்தாள். கம்பெனி காகிதமில்லா அலுவலகமாகி மூன்று வருஷம். ஆகவே வரும் காகிதத்தைத் திறப்பது யாருடைய வேலையும் இல்லை. தபால்காரர் கையெழுத்துக் கேட்டார், போட்டேன், உள்ளே வைத்தேன் என்றாள் அவள். உறை ஏழு மாதமாக மூடியே கிடந்தது. மேலே அப்பாவின் கையெழுத்து.

வர்ஷினி பிரித்தாள். முத்திரைத்தாள். இரண்டு சாட்சிகள், ஒருவர் அக்பர் அலி. வாசகம் இப்படிப் போனது:

‘கோயமுத்தூர், கணபதியில் வசிக்கும் அந்தோணிமுத்து குமாரர் சந்தியாகு ஆகிய நான், தங்கள் கம்பெனியாருக்கு முழு மனதுடன், பிறர் தூண்டுதலின்றி எழுதிக்கொடுத்த நாமினிப் பத்திரம். எனக்குப் பாத்தியப்பட்ட குரல் கணக்குக்குச் செக்குபந்தியாவது: வடக்கில் என் தொலைபேசி எண், தெற்கில் என் மின்னஞ்சல், கிழக்கில் என் கடவுச்சொல், மேற்கில் தங்கள் சர்வர். இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட பதிவுகள் அனைத்தும், அவற்றுக்குப் போய்வர உண்டான மாமூல் தடப் பாத்தியம் உட்பட, எனக்குப் பின் என் குமாரத்தி ஜெனிதாவைச் சேரும். மேற்படியாள் தங்களிடமே பணிபுரிவதால் அடையாளம் காண்பதில் தங்களுக்குச் சிரமமிராது.’

வர்ஷினி இரண்டு முறை படித்தாள். அவளுடைய அப்பாவுக்கு வாய்க்கால் ஓரம் நிலம் இருந்தது. தடப் பாத்தியம் என்ற சொல்லுக்காகப் பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பம். தாளை மேசையில் மெதுவாக வைத்தாள்.

“முத்திரைத்தாள்ல எழுதி, நாம வாங்கிக்கிட்டோம்னு ஒப்பமும் ஆயிருச்சு. இதுக்கு மேல மாட்டேன்னு எழுதறதுக்கு எனக்குக் கை வராதுங்க ஜெனிதா.”

பிறகு நடந்தவை கம்பெனி வரலாற்றில் கிடையாது. வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் பத்திரத்தை மொழிபெயர்த்து அனுப்பினார்கள். அங்கே மூன்று வழக்கறிஞர்கள் வீடியோவில் கூடினார்கள். இது செல்லும் என்று யாரும் சொல்லவில்லை. செல்லாது என்று எழுதிக் கையெழுத்துப் போடவும் யாரும் முன்வரவில்லை. முத்திரை எந்த அரசாங்கத்தினுடையது என்று ஒருவர் கேட்டார். நான்கு எல்லைகளும் சரிபார்க்கப்பட்டனவா என்று இன்னொருவர் கேட்டார். சரிபார்க்க ஒரு குழு அமைத்தார்கள். எண் சரி, மின்னஞ்சல் சரி, கடவுச்சொல்லைப் பார்க்க அதிகாரம் இல்லை, சர்வர் உண்மையிலேயே மேற்கில்தான் இருந்தது. மூன்று எல்லை போதும் என்று தீர்மானமானது. ஐம்பத்தெட்டாம் நாள் மாலை நாற்பத்தொரு கோப்புகள் ஜெனிதாவின் மின்னஞ்சலுக்கு வந்தன. கூடவே ஒரு குறிப்பு: இது முன்னுதாரணம் ஆகாது.

சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் இல்லாத மூலையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

சார்ஜரைப் பற்றி ஒன்று. சிக்னலில் போன் பார்க்கும் ஸ்கூட்டர்காரர்களைப் பற்றி இரண்டு. ஓர் ஆறு நிமிடம் முழுக்க, ஓடீபி என்பது கையெழுத்தா கைநாட்டா என்ற ஆராய்ச்சி. கைநாட்டுத்தான் என்று முடித்திருந்தார். அங்கங்கே விமலாராணி சோற்றுக்குக் கூப்பிடும் சத்தம். ஜெனிதா இரண்டு இடத்தில் சிரித்தாள். காலிக் கூடத்தில் தன் சத்தம் கேட்டு நிறுத்திக்கொண்டாள்.

முப்பத்தொன்பதாவதில் அவர் குரல் மாறியது. மனு எழுதுமுன் வாசகத்தைச் சொல்லிப் பார்க்கும் குரல்.

“எம்புள்ள சாப்ட்வேருங்க. இல்ல, அது எல்லாருஞ் சொல்றது. கணக்கு மூடற வேலைங்க… இல்ல. பேங்க்குன்னு நெனைச்சுக்குவாங்க.”

நாற்பதாவது அடுத்த நாள். “செத்தவங்களோடதையெல்லாம் பத்திரமாத் தொடைச்சு வெக்கறாங்க… தொடைச்சா எங்க வெக்கறது? இதுவும் சரியில்ல.”

கடைசிப் பதிவு. வியாழக்கிழமை.

“பங்குச் சாமி கேட்டாரு, உங்க புள்ள என்ன வேலைன்னு. முப்பது வருசமா அடுத்தவன் வெவகாரத்த ஒரு வரியில எழுதிக்கொடுத்தவன், எம்புள்ளயோட வேலைய எழுத வரல. சரி, ஞாயித்துக்கெழம வருவா. அவளையே கேட்டுக்கலாம்.”

அதற்குப் பிறகும் பதிவு ஓடியது. நிறுத்தும் பொத்தானைத் தேடியிருக்க வேண்டும். பதினோரு விநாடி மூச்சுச் சத்தம்.

ஜெனிதா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். காகிதமில்லா அலுவலகத்தில் அது கிடைத்ததே பெரிது. தன் வேலை என்ன என்று, பங்குச் சாமிக்குப் புரியும்படி, ஒரு வரியில் எழுதப் பார்த்தாள். எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். மூன்றாவது வரியையும் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தாள்.