இரண்டு வரித் திருத்தம்

சனிக்கிழமை காலை புனேயின் கோந்த்வாவில் காய்கறி வாங்கிவந்து, ஷேப்புக் கட்டைப் பிரித்துப் போட்டபடி கைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். உக்ரைன் போரிலிருந்து ஒரு படம். வீரன் ஒருவனின் மேல்கை மட்டும். சட்டையில் நீலமும் மஞ்சளுமாகக் கொடி; அதற்குக் கீழே தைத்த சின்னத் துணியில் ஒற்றைக்கொம்புக் குதிரை. ஆணை நேசிக்கும் ஆண்களும் பெண்ணை நேசிக்கும் பெண்களும் அந்தப் படையில் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட அடையாளமாம். ‘ராணுவத்தில் அப்படிப்பட்டவர்களே கிடையாது’ என்று சிலர் சொன்னார்கள். சரி என்று, உலகத்திலேயே இல்லாத மிருகத்தை எடுத்துத் தைத்துக்கொண்டார்கள். ஒஸ்தாப்புக்குப் பிடித்த வகை நகைச்சுவை. அந்தக் கையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவனுடையதாக இருக்க நியாயமில்லை. அவனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும்.

ஷேப்பு என்றால் நம் சதகுப்பைக் கீரை. மராட்டி வீடுகளில் பாசிப்பருப்போடு வதக்குவார்கள். கோயம்புத்தூரில் வளர்ந்த எனக்கு அந்த வாசனை என்றால் கைக்குழந்தைக்குப் புகட்டும் கிரைப் வாட்டர்தான். ஒஸ்தாப்புக்கு அது வீட்டு வாசனை. சிஞ்ச்வட் மார்க்கெட்டில் அதை முதல்முறை பார்த்த அன்று ஆறு கட்டு வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு லோக்கல் ரயில் ஏறினான். பக்கத்து சீட்டு அம்மாள் கட்டு என்ன விலை என்று கேட்டாராம்.

கார்கிவ் நகரத்துக்காரன். சிஞ்ச்வட் தொழிற்சாலை ஒன்று அந்த ஊரிலிருந்து இரும்புத் தகடு அழுத்தும் பழைய பிரஸ் மிஷின்களை வாங்கியிருந்தது. கூடவே வந்த ரஷ்ய மொழிக் கையேடுகளை ஆங்கிலமாக்க அவனும் வந்தான். நான் அப்போது புனேயின் கேம்ப் பகுதியில் ஓர் ஆங்கில நாளிதழில் சப்-எடிட்டர். மிஷின்களைப் பற்றி எழுதப் போனவன், அவனிடம், “ரஷ்யாவிலிருந்து வந்திருக்கீங்க, வெயில் எப்படி?” என்று ஆரம்பித்தேன்.

“உக்ரைன்,” என்றான். “வெயில் நல்லாயிருக்கு.”

நாங்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு ஞாபகம் வருவது என்னவோ தமிழில்தான்.

சில மாதங்களில், சனி ஞாயிறுகளில் என் கோந்த்வா ஃப்ளாட்டில் இருந்தான். காதல் என்ற சொல்லை நான் வாயால் சொன்னதில்லை. தமிழில் அதற்கு என்ன என்று என்னிடமே கேட்டு அவன் சொன்னான். பீட்ரூட் சூப் வைத்து மேலே ஷேப்புவைக் கிள்ளிப் போடுவான். ஒரு நாள், “ரஷ்யன் சூப் பிரமாதம்,” என்றேன். கரண்டியைக் கீழே வைத்தான்.

“சூப்பையுமா அவங்களுக்கே குடுத்துட்டே?”

நான் சிரித்தேன். சோவியத் உடைந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, யார் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்றேன். அவன் சிரிக்கவில்லை.

“ஸ்கூல்ல எங்க பாஷை பேசினா பட்டிக்காட்டான்னாங்க. என்னை மாதிரி ஆளு எங்க நாட்டுல பொறக்கவே இல்லைன்னாங்க. ரெண்டையும் சொன்னது ஒரே வாய். ஆம்பளையை நேசிச்ச ஆம்பளைங்களை ஜெயில்ல போட்ட சட்டம் மாஸ்கோவிலிருந்து வந்தது. நாடு தனியானதும் அதைத் தூக்கிப் போட்டோம். உங்க சட்டமும் வெள்ளைக்காரன் போட்டதுதானே? அவனை அனுப்பிட்டு, சட்டத்தை மட்டும் ஏன் பத்திரமா வச்சிருக்கீங்க?”

நான் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். கீழே எங்கள் குடியிருப்புச் சொசைட்டி செக்ரட்டரி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

என் அக்காவும் சிஞ்ச்வட்டில்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷன் வாசலில் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு வீட்டுக்கு இழுத்துப்போனாள். இட்லியை வைத்துக்கொண்டே, “ஏங்கண்ணு, யாரு இவுங்க? எந்த ஊருங்க தம்பி?” என்று என்னிடம் ஆரம்பித்து அவனைப் பார்த்தே கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்:

“ரஷ்யாக்கா. சும்மா ஃப்ரெண்டு.”

“அத்தாந் தூரமா! நம்ம சாம்பாரு காரம் தாங்குவாராடா?”

நான் சொன்னதில் அவனுக்குப் புரியக்கூடிய சொற்கள் இரண்டே இரண்டு. இரண்டும் பொய். அவன் ஆறு இட்லி சாப்பிட்டு, அக்காவுக்குக் கைகூப்பிவிட்டு வந்தான். ரயிலில் சொன்னான்: “அக்காவுக்கு ரெண்டு பொய். அது வீடு, பொறுத்துக்கறேன். பேப்பர்ல எழுதிடாதே.” சத்தியம் செய்தேன். பேப்பரில் தப்பே விடாதவன் என்று எனக்கு அன்று ஒரு கர்வம் இருந்தது. மாநகராட்சி உறுப்பினர்களின் இனிஷியல் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

2004 குளிர்காலத்தில், தேர்தலில் தங்கள் வாக்கைத் திருடிவிட்டார்கள் என்று அவன் நாட்டுத் தலைநகரில் ஜனங்கள் ஆரஞ்சுத் துணி கட்டிக்கொண்டு பனியில் நின்றார்கள். மாஸ்கோவுக்குப் பிடித்த வேட்பாளரை அவர்கள் தலையில் கட்டப் பார்த்த தேர்தல். ஒஸ்தாப் லீவு போட்டுவிட்டு, கேம்ப் கடையொன்றில் ஐந்து கஜம் ஆரஞ்சுத் துணி வாங்கி, சாலையோரம் ஒற்றை ஆளாக நின்றான். புனேயில் அந்தக் காவி நிறத்துக்கு வேறு அர்த்தம். ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி எந்தக் கட்சி என்று மராட்டியில் கேட்டார். “உக்ரைன்,” என்றான். “புதுக் கட்சியா?” என்றுவிட்டுப் போனார்.

எங்கள் போட்டோகிராபரை நான்தான் அழைத்துப்போனேன். காற்றில் துணி சுருண்டது. இன்னொரு முனையை நான் பிடித்தேன். படம் எடுத்தாயிற்று.

சாயங்காலம் படம் என் மேஜைக்கே வந்தது. இரண்டு பத்தி அகலத்துக்குக் குறைக்க வேண்டும். என்னை வெட்டினேன். துணியின் மறுமுனை யார் கையிலும் இல்லாமல் படத்தின் ஓரத்தில் முடிந்தது. படக்குறிப்பில் ‘உக்ரைன் நாட்டவர்’ என்று அடித்தேன். செய்தி திருத்தும் எங்கள் டெஸ்க்கின் தலைவர் குல்கர்ணி சார் பின்னால் நின்று படித்தார்.

“யாருக்குத் தெரியும் அது? ரஷ்யன்னு போடு.”

“சார், அது வேற நாடு.”

“என்னப்பா இவ்வளவு அக்கறை? உனக்கு என்ன உறவா?”

டெஸ்க்கில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டாம். அந்த வருஷத்தில் அது முடியாது. ‘நாட்டின் பெயர் அது, சார்’ என்று சொல்லியிருந்தால் போதும். அவர் நியாயஸ்தர், விட்டிருப்பார். ஆனால் எந்த ஆணைப் பற்றியும் அதிகம் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளக்கூடாது என்பது என் உடம்பில் ஊறியிருந்த ஜாக்கிரதை. ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை அடித்தேன். இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

மறுநாள் பகலில் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்தான். அலுவலக வாசலில், டீக்கடைப் பக்கமாக நின்றோம். கத்தவில்லை.

“உன்னை வெட்டிக்கிட்டது உன் இஷ்டம். என் நாட்டை ஏன் வெட்டினே?”

நான் டீ சொன்னேன்.

“ரெண்டாம் பக்கத்துல தினம் திருத்தம் போடறீங்களே. ரெண்டு வரி போடு. ரஷ்யன் இல்லை, உக்ரைன்காரன். அவ்வளவுதான்.”

“போடறேன்.”

எழுதினேன். கச்சிதமாக இரண்டு வரி வந்தது. குல்கர்ணி சாரிடம் கொண்டுபோனால் யார் புகார் சொன்னது, உனக்கு எப்படிப் பழக்கம் என்று கேட்பார். தாளை இழுப்பறையில் வைத்தேன். மூன்று நாள் காலையில் ஒஸ்தாப் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் பேப்பர் வாங்கி இரண்டாம் பக்கத்தைப் பிரித்திருக்கிறான். நான்காம் நாள் போன் செய்து, நான் சொல்லிக்கொடுத்த தமிழில், “பரவாயில்லை,” என்றான். ஜனவரியில், கையேடுகள் பாதியில் இருக்க, ஊருக்குப் போனான். அங்கே இனிமேல்தான் வேலை இருக்கிறது என்றான். வழியனுப்ப நான் போகவில்லை. டியூட்டி இருந்ததாகச் சொன்னேன்.

கைபேசிப் படத்தின் கீழே ‘உக்ரைன் வீரர்’ என்று போட்டிருந்தது. யாரும் கெஞ்சாமலே சரியாகப் போட்டிருக்கிறார்கள். இங்கே வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டமும் போய்விட்டது. கேம்ப்பில் எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய இதழ்களை பைண்டு செய்து அடுக்கியிருந்த அறை எடைக்குப் போயிற்று. நான் வெட்டிய படமும் அதோடு போயிருக்கும். திருத்தம் போடும் கட்டமும் இல்லை. இணையத்தில் தப்பு நேர்ந்தால் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்கள், வருந்துகிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

அவன் வந்து கேட்டுப்போனதற்கு மறுநாள் அந்தக் கட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. மாநகராட்சி உறுப்பினர் ஒருவரின் இனிஷியல் தவறாகிவிட்டது, வருந்துகிறோம். அந்தத் திருத்தத்தை அடித்தவன் நான்தான். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருந்தது.